பத்மாசினிக்கும் பிறசர்

பருத்தித்துறை தும்பளைப் பக்கத்தில் மோர்மிளகாய் என்றால் பத்மாசினி வீட்டு மோர்மிளகாய்தான். மிளகாயைக் கீறி, உப்பும் மோரும் கலந்த சட்டியில் ஊறவைத்து, முற்றத்துப் பாயில் காயப்போட்டு, பின்னேரம் திரும்ப ஊறவைத்து, விடியத் திரும்பக் காயப்போட்டு, நாலாம் நாள் ஒன்றை எடுத்துப் பொரிக்காமலே கடித்துப் பார்ப்பாள். உப்பு ஒரு கிள்ளுக் குறைந்தாலும் அவளுடைய நாக்குச் சொல்லிவிடும். கொழும்பில் வேலை பார்க்கிற ஊர்ச்சனத்துக்கு அது தகரப் பேணிகளில் ரயிலேறிப் போகும்.

நாற்பத்திநாலு வயதுவரை அவள் ஆசுப்பத்திரிக்குப் போனது இரண்டே இரண்டு தரம். இரண்டும் பிள்ளைப்பேறு. "காய்ச்சல் எண்டால் என்னெண்டு நான் மற்றவையைப் பார்த்துத்தான் அறிஞ்சனான்" என்று சொல்வதில் அவளுக்குத் தனிப் புழுகம், பெருமை. இரண்டு பெட்டையளும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது அவளும் புருஷன் ஆழ்வாப்பிள்ளையும் மிளகாய்ச் சட்டிகளும்.

ஆழ்வாப்பிள்ளை பஸ் சாரதி. பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஒரு நாளைக்கு நாலு தரம். பதினெட்டு வருஷமாக அந்த ஒரே கதிரை. போகிற வழியெல்லாம் சுருட்டு. பஸ் நிற்கிற இரண்டு அந்தத்திலும் வடை. குறுக்கே வருகிற சைக்கிள்காரனில், மாட்டுவண்டிக்காரனில், சில நாள் மாட்டிலேயும் கோபக் கொதி. வீட்டில் உடுக்கிற சாரத்தை வயிற்றுக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்பது அவருக்கு நாளாந்தப் பிரச்சினை.

எழுபத்திரண்டாம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை, வல்லை வெளியில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கிக் கட்டினதுபோல இருந்தது. இடக்கை பாரமாகித் தொங்கியது. மனுசன் பதறவில்லை. வேகத்தை மெல்லக் குறைத்து, ஓரமாய் ஒதுக்கி, பிறேக்கைப் போட்டார். பின்னால் டிக்கற் கொடுத்துக்கொண்டிருந்த கொண்டக்டர் சூசைதாசன் ஓடி வந்தான்.

"அண்ணை, ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"இளைக்குது."

"பஸ்ஸுக்கோ?"

"எனக்கடா!"

அடுத்து வந்த லொறியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து ஆசுப்பத்திரியில் கிடத்தினார்கள். பன்னிரண்டு நாள் கிடந்தார். வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் சோமசேகரம் பத்மாசினியையும் கூப்பிட்டு இருத்தினார். மெலிந்த, சிரிக்காத மனிதர். ஆனால் அவர் சொல்கிறவற்றைக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"அம்மா, இதயமும் ஒரு வேலைக்காரன்தான். அதுக்கும் சாப்பாடு போகவேணும். சாப்பாடு போற குழாய் இவருக்கு ஒடுங்கிப்போச்சு. சுருட்டு ஒரு பக்கத்தாலை ஒடுக்குது, கொழுப்பு ஒரு பக்கத்தாலை அடைக்குது, பிறசர் எண்ட இரத்த அழுத்தம் உள்ளுக்கை நிண்டு இடிக்குது. இது எச்சரிக்கை. அடுத்தது எச்சரிச்சுக்கொண்டு வராது."

"என்ன செய்யவேணும் ஐயா?"

"சுருட்டை விடவேணும். உப்பைக் குறைக்கவேணும். கருவாடு, ஊறுகாய், பொரியல் எல்லாத்தையும் மறக்கவேணும். வயிறு இறங்கவேணும். பின்னேரத்திலை நடக்கவேணும். ஆரோடையும் கொதிக்கக் கூடாது."

ஆழ்வாப்பிள்ளை படுக்கையில் எழும்பி இருந்தார். "ஐயா, சுருட்டை விட்டுடுறன். கருவாட்டை மட்டும் வைச்சிருக்கிறனே?"

"இது மீன்சந்தை இல்லை, விலை பேசுறதுக்கு."

இனி பஸ் ஓட்டக் கூடாது என்றும் கடிதம் எழுதினார். பஸ் ஸ்ராண்டில் எந்த பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, வருகிறது என்று எழுதுகிற வேலை ஆழ்வாப்பிள்ளைக்குக் கிடைத்தது. கொதிக்கிறதுக்கு அங்கே சைக்கிள்காரன் இல்லை. பழைய கூட்டாளிச் சாரதிமார் பிந்தி வந்தால் கொஞ்சம் கொதித்துப் பார்த்தார். அவர்கள், "அண்ணை, நெஞ்சு! நெஞ்சு!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பத்மாசினி அன்றைக்கே இடுப்பில் சேலையைச் சொருகினாள். முதலாவது சுருட்டு வேட்டை. அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு, வேப்பமரப் பொந்திலிருந்து மூன்று, கோழிக்கூட்டின் கூரையிலிருந்து ஒன்று. பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்றும் அகப்படவில்லை. மனுசன் திருந்திவிட்டார் என்றே நினைத்தாள். ஆனால் சித்திரை வெயிலில், மழைக்கு ஒரு குறியும் இல்லாத நாட்களில், அவர் ஒவ்வொரு நாளும் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். வெயிலுக்கு விரித்துப் பிடித்தாலும் பரவாயில்லை. விரிக்கவேயில்லை.

"உந்தக் குடையை ஒருக்கா விரியுங்கோ பாப்பம்."

"வீட்டுக்குள்ளை குடை விரிக்கக் கூடாது."

"அப்ப முற்றத்திலை விரியுங்கோ."

விரித்தார். ஐந்து சுருட்டு விழுந்தது. ஆறாவது கம்பியில் சிக்கித் தொங்கியது.

அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே விட்டார். வாயில் ஏலக்காய் ஒன்றைப் போட்டுக்கொண்டு, எதிரே வருகிற எல்லாரையும் குற்றவாளிபோலப் பார்த்தபடி இரண்டு மாதத்தைக் கழித்தார்.

சாப்பாட்டுக்குக் குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் அவருக்கு உப்பில்லாத கறி, தேங்காய்ப்பால் விடாத சொதி. மற்றதில் வழமைச் சமையல். அவளுக்கென்ன வருத்தமா, பத்தியம் காக்க? அதோடு வீட்டில் இருந்த சாமானை என்ன செய்வது? திருக்கைக் கருவாடு ஒரு பானை, எலுமிச்சங்காய் ஊறுகாய் இரண்டு சாடி. எல்லாம் அவருக்கென்று போட்டது. ரொட்டிக்கும் சீனிக்கும் சனம் வரிசையில் நிற்கிற காலத்தில் சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுகிற கை பத்மாசினிக்கு இல்லை. மத்தியானம் கருவாடு, இரவு ஊறுகாய். அவருடைய பங்கையும் தன்னுடைய பங்கையும் சேர்த்து, அவர் கண்ணில் படாமல் குசினியில் குந்தியிருந்து சாப்பிட்டு முடித்தாள். பாவம், மனுசன் பார்த்தால் ஆசைப்படும் என்று அவளுக்கு நல்லெண்ணந்தான்.

மிச்சம் நடை ஒன்றுதான். கடற்கரைக் கலங்கரை விளக்கமான வெளிச்சவீடு வரையும் போய்த் திரும்பவேணும் என்று நேரம் குறித்து அனுப்பினாள். அவரும் போனார், முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார், காலில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. அவளுக்குத் திருப்தி. ஒரு மாதம் போனபின் மீன்காரி லூர்த்தம்மா தலையிலிருந்த மீன் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, உங்கடை மனுசன் நல்லா நடை பழக்கிறார்."

"ஓம், டொக்டர் சொன்னவர்."

"தான் நடக்கேல்லை. தேத்தண்ணிக்கடை வாங்கிலை இருந்துகொண்டு போற வாற ஆக்களை நடை பழக்கிறார். எழும்பிப் போகேக்கை மணலிலை ரெண்டு காலையும் ஒருக்கா வைச்சு எடுக்கிறார்."

அடுத்த நாள் பின்னேரத்திலிருந்து லூர்த்தம்மாவுக்கு ஒரு வேலை கூடியது. மீன் விற்று முடித்து அந்த வழியால் திரும்புகிறபோது தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையை ஒருமுறை எட்டிப் பார்ப்பது. ஆழ்வாப்பிள்ளை தூரத்தில் அவளுடைய கடகத்தைக் கண்டவுடனே எழும்பி நடக்கப் பழகினார். அப்படியே நடை அவருக்குப் பிடித்தும்போனது.

ஆடி மாதம் கிளினிக். பத்மாசினி பட்டுக்கரைச் சேலை உடுத்து, கலியாண வீட்டுக்குப் போவதுபோலப் போனாள். நிறுத்துப் பார்த்தால் பதினொரு இறாத்தல் குறைந்திருந்தது. டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. சுருட்டு?"

"அவர் விட்டுட்டார் ஐயா," என்றாள் பத்மாசினி.

"நித்திரை?"

"நல்லாக் கொள்ளுறார் ஐயா. நெஞ்சுநோ இல்லை. உப்பு ஒரு துளியும் போடுறேல்லை."

"இவர் வாய் திறந்து கதைப்பாரோ?"

"தேவையெண்டால் கதைப்பார் ஐயா."

ஆழ்வாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "ஐயா, இவவுக்கும் ஒருக்கா அந்தப் பட்டியைச் சுத்தி இறுக்கி விடுங்கோ. மூண்டு மாசமா என்னை இறுக்குறா. இறுக்கினால் எப்பிடியிருக்குமெண்டு தெரியட்டும்."

தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்மாசினியும் சிரித்தபடி காப்பை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். டொக்டர் காற்றடித்தார். இறக்கினார். திரும்ப அடித்தார். மற்றக் கையைக் கேட்டார். அவளைப் பேசாமல் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்த்து முடித்து வந்து இன்னொருமுறை அடித்தார். அதற்குள் சிரிப்பு எல்லார் முகத்திலும் வற்றிப்போனது.

"இருநூறுக்குக் கிட்ட நிக்குது அம்மா. இவரைக் கொண்டுவந்து போட்ட அண்டைக்கும் இவருக்கு இவ்வளவு இல்லை."

"மெசினிலை ஏதோ பிழை ஐயா."

"இவ்வளவு நேரமும் இவருக்குச் சரியாத்தானே காட்டினது?"

"எனக்குத் தலையிடி இல்லை. நெஞ்சுநோ இல்லை. ரெண்டு வாளித் தண்ணியோடை ஓடுவன்!"

"பிறசர் சத்தம் போட்டுக்கொண்டு வாறேல்லை. அதுதான் அதின்ரை கெட்ட குணம். சத்தமில்லாமல் இருந்து இதயத்தையும் மூளையையும் வருஷக்கணக்கா இடிச்சுக்கொண்டிருக்கும்." டொக்டர் பேனையை எடுத்தார். "உங்கடை தகப்பனார் இருக்கிறாரோ?"

"இல்லை. புண்ணியவான். சந்நிதிக் கோயிலிலை அன்னதானம் சாப்பிட்டு, கை கழுவ எழும்பினவர், அப்பிடியே சாய்ஞ்சிட்டார். ஒரு நோ நொடி இல்லை. முருகன் கூட்டிக்கொண்டு போட்டான்."

"எத்தினை வயசு?"

"ஐம்பத்தொண்டு."

"சகோதரங்கள்?"

"ஒரு அண்ணை. தொண்டைமானாத்திலை தோணி இழுத்துக்கொண்டு நிண்டவர்..." சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றாள். "அவருக்கு நாற்பத்தெட்டு."

இருபது வருஷமாக அவள் இந்த இரண்டு கதையையும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஐயாவுடையது புண்ணியச் சாவு. அண்ணையுடையது கண்ணூறு. இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து அவள் ஒருநாளும் சொன்னதில்லை. டொக்டர் ஒன்றும் விளக்கவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்:

"உப்புச் சாமான் சாப்பிடுறனீங்களோ?"

பத்மாசினி புருஷனைப் பார்த்தாள். புருஷன் பத்மாசினியைப் பார்த்தார். "ஐயா," என்றார் ஆழ்வாப்பிள்ளை மெதுவாக, "வீட்டிலை ஒரு பானை கருவாடு இருந்தது. நான் தொடேல்லை. இப்ப பானை வெறுமை."

"கொட்டேலாதெல்லே ஐயா," என்றாள் அவள்.

டொக்டர் சோமசேகரம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. "இவரின்ரை வருத்தத்தை நீங்கள் பங்குபோட்டுச் சாப்பிட்டிருக்கிறியள் அம்மா."

வெள்ளைக் குளிசை எழுதிக் கொடுத்தார். ஒருநாளும் நிற்பாட்டக் கூடாது என்றார். பத்மாசினி பதினைந்து நாள் போட்டாள். பதினாறாம் நாள் யோசித்துப் பார்த்தாள்: போடுவதற்கு முன்னும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, போட்ட பின்னும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததற்கு எதற்குக் குளிசை? மோர்மிளகாயும் அப்படித்தான். விற்கிற பொருளை உருசி பார்க்காமல் விற்கலாமா? எல்லாருக்கும் முன்னால் விட்டுவிட்டதாகச் சொல்லி, சின்னச் சாடி ஒன்றை அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்தாள்.

ஆழ்வாப்பிள்ளை குடைக்குள்ளேயே சுருட்டு ஒளித்த மனுசன். அவருக்கு ஒளிப்பிடம் கண்டுபிடிப்பது ஒரு வேலையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாடியை ஒரு கையிலும், எண்ணிக்கை குறையாத குளிசைப் போத்தலை மறு கையிலும் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். துள்ளப்போகிறார், பழிக்குப் பழி வாங்கப்போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தாள். அவர் துள்ளவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இஞ்சாரும். வல்லை வெளியிலை எனக்கு நெஞ்சு இறுக்கினது. அதாலை நிப்பாட்டினன், அதாலை இருக்கிறன். உமக்கு இறுக்காது போலை கிடக்கு. உம்மடை ஐயாவுக்கும் இறுக்கேல்லை, அண்ணைக்கும் இறுக்கேல்லை. எங்கை நிப்பாட்டுறதெண்டு உமக்கு ஆர் சொல்லப்போகினம்?"

அவள் சாடியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீர் என்னோடை இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சது என்னத்துக்கு? நான் இருக்கவேணுமெண்டுதானே? நான் மட்டும் இருந்து என்ன செய்யிறது? எனக்குத் தேத்தண்ணியும் ஒழுங்கா வைக்கத் தெரியாது."

ஆயத்தமாக வைத்திருந்த பதில் பத்மாசினிக்கு மறந்துபோனது. எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துக் குளிசையைப் போட்டாள். சாடியை அவரே கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்குக் கொட்டினார். வாழை உப்பிலே கருகியது வேறு விஷயம்.

அடுத்த நாள் தொடக்கம் குசினியில் ஒரே அடுப்பு எரிந்தது. உப்பில்லாச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று பத்மாசினி முதல்முறையாக அறிந்தாள். மாதக்கணக்காக இதை வாய் பேசாமல் தின்ற மனுசனைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்தது. அதன் பிறகுதான் அவள் உண்மையாகச் சமைக்கத் தொடங்கினாள். புளி கூட்டினாள், மிளகு இடித்துப் போட்டாள், உள்ளி, இஞ்சி, தேசிக்காய் என்று உப்பின் இடத்தை ஒவ்வொன்றாக நிரப்பினாள். ஒரு மாதம் போக, வெளி வீட்டுச் சாப்பாடு இரண்டு பேருக்கும் கடல் தண்ணீர்போல இருந்தது. மோர்மிளகாயை அவள் விடவில்லை, ஆனால் உருசி பார்க்கிற வேலை லூர்த்தம்மாவுக்குப் போனது. லூர்த்தம்மா அதற்குச் சம்பளமாக நாலு மிளகாய் கேட்டாள். "முதல்லை வந்து பிறசர் பார், பிறகு தாறன்" என்றாள் பத்மாசினி. ஒவ்வொரு நாளும் தலையில் கடகத்தோடு ஆறு கட்டை தூரம் நடக்கிற லூர்த்தம்மாவுக்குப் பிறசர் சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல இருந்தது.

அவரோடு அவளும் நடக்கத் தொடங்கியதில்தான் பெரிய கரைச்சல். புருஷனும் பெண்சாதியும் ஒரு காரியமும் இல்லாமல் பின்னேரத்தில் தெருவில் போய்த் திரும்புவதைத் தும்பளை அதுவரை கண்டதில்லை.

"ஆர் செத்தது?" என்று ஒரு வேலியால் குரல் வந்தது.

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப கலியாணம் பேசப் போறியளோ?"

"இல்லை, சும்மா நடக்கிறம்."

"சும்மாவோ?"

சும்மா நடக்கிறவர்களை ஊர் நம்பாது என்று கண்டு, பத்மாசினி சாமான் வாங்குகிற ஓலை உமல் ஒன்றைக் கையில் கொழுவிக்கொண்டாள். உமல் இருந்தால் சந்தைக்குப் போகிறவள். வெறும் உமலோடு வெளிச்சவீடு மட்டும் போய், வெறும் உமலோடு திரும்பினார்கள். ஒரு வருஷத்தில் பக்கத்து வீட்டு நல்லம்மாவும் உமல் கொழுவினாள். பிறகு சங்கக்கடை மனேச்சரின் பெண்சாதி. வெளிச்சவீட்டடியில் நாலைந்து பெண்கள் வெறும் உமலோடு நின்று கதைத்ததைக் கண்ட மீனவர் ஒருவர், அன்றைக்குப் பெரிய மீன்பாடு என்று யாரோ சொல்லி வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, மீன் இல்லையென்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கூட்டத்தைத்தான் பத்மாசினி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது வயது தாண்டிய பெண் ஒருத்தி அவள் கண்ணில் பட்டால் தப்ப முடியாது. "உனக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? அதுதான் பயம். எழும்பு!" கொழும்பிலிருந்து லீவில் வந்த மச்சாள் ஞானாம்பிகை, மோர்மிளகாய்ப் பேணி வாங்கவென்று வந்தவள், பேணியோடு அல்ல, பிறசர்க் குளிசையோடு திரும்பிப் போனாள். அவளுக்கு நூற்றெண்பது.

பத்மாசினியின் பிறசர் ஒரே நாளில் இறங்கவில்லை. ஏறும், இறங்கும், குளிசையை மாற்றுவார்கள், திரும்ப ஏறும். தீபாவளிப் பலகாரத்துக்குப் பிறகு ஏறாத வருஷமே இல்லை. ஆழ்வாப்பிள்ளைக்கும் எழுபத்தாறில் ஒருமுறை நெஞ்சு இறுக்கி, நாலு நாள் கிடந்து எழும்பினார். எழும்பி வந்து மறுபடி நடந்தார், முன்னையைவிட ஆறுதலாக. எண்பதாம் ஆண்டு பென்சன் எடுத்தபோது, சாரத்தை எங்கே கட்டுவது என்று யோசிக்கவேண்டிய வயிறு அவருக்கு இருக்கவில்லை. அந்த வருஷம் பத்மாசினிக்கு ஐம்பத்திரண்டு. தன் ஐயாவுக்கும் அண்ணைக்கும் மூத்தவளாகிவிட்டேன் என்று அவள் சொன்னபோது, அது பகிடியா பெருமையா என்று கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் சரியாக விளங்கவில்லை.

டொக்டர் சோமசேகரம் மாற்றலாகிப் போய், எண்பத்தொன்றில் புதிதாக ஒரு இளம் டொக்டர் வந்தார். கிளினிக்கில் பெயர் கூப்பிட்டதும் பத்மாசினி போய் இருந்தாள். அவர் உடனே பட்டியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி," என்றாள் அவள். "இப்பத்தான் வெயிலுக்காலை நடந்து வந்தனான். ஒரு அஞ்சு நிமிஷம் பேசாமல் இருக்கவேணும். இல்லாட்டி மெசின் கூடக் காட்டும்."

டொக்டர் பட்டியைக் கீழே வைத்தார். "நீங்கள் நேர்ஸா இருந்தனீங்களோ அம்மா?"

"இல்லை. அதுக்குள்ளை நீங்கள் இவவைப் பாருங்கோ," என்று பின்னால் ஒளிந்து நின்ற ஒருத்தியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவ எனக்கு ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு மூண்டு மாசமாச் சொல்லுறா."